‘அனைவரும் வருக’ என்றால் நானும்தானா?

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: “பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தும் அதன் கலை, இலக்கிய நிகழ்ச்சிகளுக்குப் போகாதவர்கள், வீட்டுக்குள் ஒரு நூலகத்தை வைத்துப் பூட்டி வைத்திருப்பவர்கள்.” அதற்குத் திட்டியும் ஒத்துக்கொண்டும் சந்தேகம் கேட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. புதுப் பருவத்து நிகழ்ச்சி நிரல்கள் வெளியாகிற நேரம் என்பதால் இந்த முறை மொத்தப் பகுதியும் அதற்கே. கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை. பாதிப் பேர் போடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள், மீதிப் பேருக்கும் அதே சலுகை.

கேள்வி: நிகழ்ச்சி நிரலில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருக்கிறார்கள். நான் கல்லூரிப் பக்கமே போகாதவன். வாசலில் நிறுத்தி ‘நீங்கள் எந்தத் துறை?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ‘பார்வையாளர் துறை’ என்று சொல்லுங்கள். விளையாட்டு இருக்கட்டும், உண்மையில் யாரும் கேட்பதில்லை. அதிகபட்சம் நுழைவாயில் காவலர் எந்த நிகழ்ச்சிக்கு, எந்த அரங்கத்துக்கு என்று கேட்பார், பதிவு செய்த குறுஞ்செய்தியைக் காட்டினால் அவரே வழியும் சொல்லிவிடுவார். உங்களுக்கு இருக்கிற கூச்சம் புதிதில்லை, முந்நூறு வருஷப் பழசு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறந்தது. 1710இல் அதைப் பார்க்க உஃபென்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் ஒருவர் போனார். அன்றைக்கு ஊரில் சந்தை நாள். கிராமத்து ஆண்களும் பெண்களும் மாடியெங்கும் நெருக்கியடித்து நின்றதைப் பார்த்துவிட்டு, இவர்களையெல்லாம் உள்ளே விடுகிறார்களே என்று பயணக் குறிப்பில் புலம்பி வைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாமல் கீழே இறங்கிப் போனவர் அறிஞர்தான், சந்தைக்கு வந்தவர்கள் இல்லை. எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சிகளில் பல, யாரோ ஒருவர் பணம் எழுதி வைத்துவிட்டுப் போனதால் நடப்பவை. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று நிரலில் பார்க்கிறீர்களே, அதுதான். லண்டனில் தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் எழுதி வைத்த உயிலின்படி 1597இல் தொடங்கிய கிரெஷாம் கல்லூரி பட்டமே தருவதில்லை. ஊர்க்காரர்களுக்கு இலவசமாகச் சொற்பொழிவு நடத்துவதுதான் அதன் வேலை, இன்றைக்கும் நடத்துகிறது. முதலில் வைத்த ஏழு பாடங்களில் இசையும் ஒன்று. ஆக, அந்த ‘அனைவரும்’ என்ற சொல் உபசாரத்துக்குப் போட்டதில்லை. பல இடங்களில் அது ஒருவருடைய உயிலில் உள்ள நிபந்தனை. நீங்கள் வராமல் நாற்காலி காலியாகக் கிடந்தால்தான் பணம் கொடுத்தவரின் எண்ணத்துக்கு மாறு.

கேள்வி: பிரபல நாவலாசிரியர் ஒருவரின் வாசிப்பு நிகழ்ச்சி வருகிறது. அவர் எழுதிய ஒரு வரிகூட நான் படித்ததில்லை. போகலாமா?

பதில்: போங்கள். அரங்கில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் இருப்பார்கள், மீதியில் கொஞ்சம் பேர் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். பொதுவாக இப்படித்தான் நடக்கும்: துறைத் தலைவரோ பேராசிரியரோ அறிமுகம் செய்வார் (ஐந்து நிமிடம் என்று நிரலில் இருக்கும், நம்பாதீர்கள்). எழுத்தாளர் இருபது, இருபத்தைந்து நிமிடம் வாசிப்பார், பிறகு ஒருவர் அவரோடு மேடையில் உட்கார்ந்து உரையாடுவார், கடைசியில் பார்வையாளர் கேள்விகள், புத்தகத்தில் கையெழுத்து. இதில் எதற்கும் முன்படிப்பு தேவையில்லை. விருப்பமிருந்தால் அவருடைய ஒரு சிறுகதையையோ நாவலின் முதல் பத்துப் பக்கத்தையோ படித்துவிட்டுப் போங்கள். அது மரியாதைக்காக இல்லை. அச்சில் நீங்கள் கேட்ட குரலுக்கும் அவருடைய சொந்தக் குரலுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

ஒரு மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசிக்க வந்தவர் தன் புத்தகத்தையே பிரித்துப் போட்டது மாதிரி கொண்டு வந்திருந்தார். பக்கம் அடையாளத்துக்குக் கிழித்த காகிதத் துண்டுகள், ஓரத்தில் பென்சில் கோடுகள். அச்சில் நீளமாக இருந்த ஒரு பத்தியை வாசிக்கும்போது பாதியைத் தாவிப் போனார். பிறகு ஒருவர் ஏன் என்று கேட்டதற்கு, ‘இப்போது எழுதினால் அதை எழுத மாட்டேன்’ என்றார். அந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: எதைத் திறந்தாலும் ‘இருக்கைகள் நிரம்பிவிட்டன’ என்று வருகிறது. இலவச நிகழ்ச்சிக்கு இவ்வளவு அடிதடியா?

பதில்: இலவசம் என்பதால்தான். காசு கொடுத்து வாங்கிய சீட்டு என்றால் மழை பெய்தாலும் வருவார்கள், சும்மா கிடைத்த சீட்டு என்றால் வானம் லேசாகக் கறுத்தாலே போதும். பதிவு செய்தவர்களில் கணிசமான பேர் வரமாட்டார்கள் என்பது நடத்துபவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பல இடங்களில் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு காலி இருக்கைகளை வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்பது நிமிடம் முன்னால் போய் நின்று பாருங்கள், பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். கூட்டம் மிகவும் அதிகமென்றால் பக்கத்து அறையில் திரை வைத்துக் காட்டுவார்கள். அதற்கு மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு வீட்டிலேயே நேரலை பார்க்கலாம், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளவாவது முடியும்.

இதே கேள்வியைப் புரட்டிப் போட்டு ஒன்று: நீங்கள் பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். ஒரு பொத்தான்தான்.

அப்புறம், பெரிய பெயர்களுக்கு மட்டும் ஏன் முட்டி மோதுகிறீர்கள்? நிரலில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். துறை அளவில் நடக்கும் சின்ன வாசிப்பு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பேச்சு, நூலகத்தில் அரிய சுவடிகளைக் காட்சிக்கு வைத்து அதன் பொறுப்பாளரே விளக்குகிற ஒரு மதியம், நுண்கலை மாணவர்களின் இறுதியாண்டுக் கண்காட்சி. இதற்கெல்லாம் பதிவே வேண்டாம். ஐந்நூறு பேர் அரங்கில் பின் வரிசையிலிருந்து பார்த்த நட்சத்திர எழுத்தாளர் எனக்குப் புள்ளியாகத்தான் நினைவிருக்கிறார். முப்பது பேர் அறையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகக் கரும்பலகையில் எழுதி, மூன்றை அழித்துக் காட்டியது அப்படியே இருக்கிறது. இறுதியாண்டுக் கண்காட்சியில் இன்னொரு வசதி, படம் வரைந்தவர் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார், அதுவும் யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்ற முகத்தோடு. ‘இதை எதில் தொடங்கினாய்?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் போவது தெரியாது.

கேள்வி: கருத்தரங்கு, பயிலரங்கு, மாஸ்டர் கிளாஸ், சிறப்புரை – எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. சிறப்புரை என்றால் ஒருவர் பேசுவார், நீங்கள் கேட்பீர்கள். கருத்தரங்கு என்றால் பலர் கட்டுரை படிப்பார்கள், ஆய்வாளர்கள் ஆய்வாளர்களுக்காக நடத்துவது, நிரலைப் பார்த்து ஓர் அமர்வைத் தேர்ந்தெடுத்துப் போனால் போதும். பயிலரங்கு என்றால் நீங்கள் எழுத வேண்டும், நோட்டுப் புத்தகத்தோடு போக வேண்டும், இடம் குறைவு. மாஸ்டர் கிளாஸ்தான் வேடிக்கையானது: ஒரு பெரிய கலைஞர் ஒரு மாணவருக்கு எல்லோர் முன்னாலும் பாடம் நடத்துவார், அந்தப் பாடத்தை நாம் பார்ப்போம். அதே எட்டு சுரத்தைப் பதினைந்து முறை திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லி, பதினாறாவது முறை அது மாறிவிடுகிற அந்த இடத்துக்காகப் போகலாம்.

கேள்வி: நிகழ்ச்சியின் நடுவில் எழுந்து போகலாமா?

பதில்: ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தால் போகலாம். நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டால் அன்றைய விதி அது.

கேள்வி: போன மாதம் ஒரு கவிஞரின் நிகழ்ச்சியில் கேள்வி கேட்டேன். நெறியாளர் ‘கேள்விக்கு வாருங்கள்’ என்று இரண்டு முறை குறுக்கிட்டார். அவமானமாக இருந்தது. இனிமேல் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பதில்: அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதை மட்டும் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நெறியாளர்களைப் பற்றி எனக்கும் ஆயிரம் புகார் உண்டு. ஓர் அரங்கில் அறிமுகம் செய்ய வந்தவர் எழுத்தாளரின் பிறப்பிலிருந்து தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பேசி, அவர் வாசிக்க வேண்டிய நேரத்தை முழுங்கி, கடைசியில் ‘நேரமின்மையால்’ கேள்விகளை ரத்து செய்ததை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் நான் அவர்கள் பக்கம். மைக் கைக்கு வந்ததும் நமக்குள் ஒரு சொற்பொழிவாளர் எழுந்துவிடுகிறார். ‘இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து’ என்று யாராவது தொடங்கினால் மேடையில் இருப்பவர் தண்ணீர் டம்ளரை எடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது தாகத்தினால் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்வது. இரண்டு வரிக்கு மேல் போனால் அடித்துவிடுங்கள். ‘உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?’ என்பது மாதிரிப் பொதுவானதை விட்டுவிட்டு, இப்போது அவர் வாசித்ததிலிருந்தே ஒன்றைப் பிடியுங்கள். ‘மூன்றாவது கவிதையில் அம்மா என்ற சொல் வரவே இல்லை, ஆனால் முழுக்க அவரைப் பற்றித்தான் என்று தோன்றியது, வேண்டுமென்றே விட்டீர்களா?’ – இப்படிக் கேட்டால் எந்தக் கவிஞரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த நிகழ்ச்சியில் கேளுங்கள், வாயை மூட வேண்டாம்.

கேள்வி: எல்லாமே பிறகு யூடியூபில் வந்துவிடுகிறது. நேரில் போய் என்ன ஆகப்போகிறது?

பதில்: பதிவுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஹார்வர்டில் நார்ட்டன் சொற்பொழிவுகள் என்று ஒரு வரிசை, 1925இல் ஏற்படுத்திய அறக்கட்டளையில் நடப்பது. ‘கவிதைப் பேராசிரியர்’ என்று பெயர் வைத்துவிட்டு, கவிதை என்ற சொல்லை முடிந்த மட்டும் அகலமாக எடுத்துக்கொண்டு இசையமைப்பாளர்களையும் ஓவியர்களையும்கூட அழைப்பார்கள். 1967-68இல் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் அங்கே ஆறு உரை நிகழ்த்தினார். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது, கையில் குறிப்புத் தாள் கிடையாது, மேற்கோள் காட்டிய கவிதைகள் எல்லாம் நினைவிலிருந்து. அந்த ஒலிநாடாக்கள் நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் தேடாமல் கிடந்து, பிறகு கண்டெடுத்து எழுத்தாக்கி 2000இல் புத்தகமாக வந்தது. நாடா இல்லையென்றால் அது அன்றைக்கு அரங்கில் இருந்தவர்களோடு போயிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் பதிவு செய்வதில்லை. குறிப்பாக, இன்னும் அச்சேறாத எழுத்தை வாசித்தால் பல எழுத்தாளர்கள் கேமராவை நிறுத்தச் சொல்வார்கள். அதைவிட முக்கியம், பதிவில் கேமரா பார்க்கிற இடத்தைத்தான் நீங்கள் பார்க்க முடியும். மேடையில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் முகம் எப்படி மாறுகிறது என்பது நேரில் போனவர்களுக்கு மட்டும். பதிவு வரும், அப்புறம் பார்க்கலாம் என்று நான் குறித்து வைத்தவற்றில் எத்தனையைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: இசைத் துறை மாணவர்களின் கச்சேரிகள் இலவசம் என்று நிரல் முழுக்க வருகிறது. கற்றுக்குட்டிகள் வாசிப்பதைக் கேட்கவா போவது?

பதில்: கற்றுக்குட்டி என்றா சொன்னீர்கள்! நாலைந்து வருஷம் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து சாதகம் செய்தவர்கள், பட்டம் வாங்குவதற்கு முன்னால் கடைசியாக வாசிப்பது அது. மேற்கத்திய இசைப் பள்ளிகளில் பெரும்பாலும் பட்டத்துக்கான நிபந்தனையே ஒரு முழு நிகழ்ச்சியை மேடையேற்ற வேண்டும் என்பதுதான். அதனால்தான் இலவசம், பார்வையாளர் இல்லாமல் தேர்வு முழுமையாகாது. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப் பள்ளியில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை. ஒருநாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் போன ஒன்றில் மொத்தம் பதினோரு பேர். முதல் வரிசையில் இரண்டு ஆசிரியர்கள் மதிப்பெண் தாளோடு, இரண்டாவது வரிசையில் அப்பாவும் அம்மாவும், அப்பா கைப்பேசியைப் பதிவுக்குத் தூக்கிப் பிடித்தவர் கடைசிவரை இறக்கவே இல்லை. பியானோவில் உட்கார்ந்த பெண் வாசிக்கத் தொடங்குவதற்கு முன் இரண்டு கைகளையும் முழங்காலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். முதல் பகுதியில் ஓரிடத்தில் தடுமாறினாள், அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவள் வாசித்ததைப் போல ஒன்றை நான் காசு கொடுத்துக்கூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு படைப்புக்குள் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், நடுவில் அமைதி வந்ததும் கைதட்டிவிடாதீர்கள். நிரல் தாளில் எத்தனை பகுதி என்று எண்ணிக்கொள்ளுங்கள், அல்லது முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தட்டும்வரை காத்திருங்கள். நான் இரண்டாவது முறையைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

கேள்வி: பல்கலைக்கழகத்தின் பணத்தை ஆராய்ச்சிக்குச் செலவழிக்காமல் கவிதை, கூத்து என்று விரயம் செய்வதை நீங்களும் ஊக்குவிக்கிறீர்களே?

பதில்: பெரும்பாலும் அது ஆராய்ச்சிப் பணம் இல்லை, தனியாக எழுதி வைத்த பணம் என்று மேலேயே சொன்னேன். கவிதை விஷயத்துக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் 1708 முதல் கவிதைக்கென்று ஒரு பேராசிரியர் பதவி இருக்கிறது, அதையும் ஒருவர் உயில் எழுதித்தான் ஏற்படுத்தினார். இதில் விசேஷம், தேர்தல் வைத்து ஆள் எடுப்பார்கள், அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். பருவத்துக்கு ஒரு பொதுச் சொற்பொழிவு, அதுதான் முக்கிய வேலை. நூற்றைம்பது வருஷம் லத்தீனில் பேசிக்கொண்டிருந்தார்கள், 1857இல் வந்த மேத்யூ ஆர்னால்டுதான் ‘போதும், ஆங்கிலத்தில் பேசுகிறேன்’ என்று தொடங்கியவர். பெண் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார 2019 வரை, ஆலிஸ் ஆஸ்வால்டு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை மெதுவாக நகர்கிற ஒரு வண்டியை விரயம் என்று சொல்லி நிறுத்த வேண்டுமா? அதன் கதவை இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்லிக் கேட்டால் நான் உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவேன்.

கேள்வி: ஆவலாகப் போனேன், ‘ரத்து’ என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை, ஆனால் நடக்கும். அன்று காலையில் ஒரு முறை அறிவிப்பைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் மேலே சொன்ன அதே நார்ட்டன் வரிசையில் 1985இல் பேச வேண்டிய இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ, ஆறில் ஐந்து உரைகளை எழுதி முடித்த நிலையில், புறப்படுவதற்குச் சற்று முன்னால் இறந்து போனார். ஆறாவதுக்குத் தலைப்பு மட்டும் மிஞ்சியது. உங்களுக்கு ஒட்டிய தாளாவது கிடைத்தது.

கேள்வி: நாங்கள் மாணவர் இலக்கிய வட்டம் நடத்துகிறோம். போன கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள், அதில் ஐந்து பேர் நாங்கள். வெளியாட்களை எப்படி வரவைப்பது?

பதில்: முதலில் நாற்காலியைக் குறையுங்கள். நூறு நாற்காலியில் ஒன்பது பேர் என்றால் துக்க வீடு. பன்னிரண்டு நாற்காலியை வட்டமாகப் போட்டு ஒன்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்த சபை. இரண்டாவது, உங்கள் சுவரொட்டியை இணைத்து அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று பதினான்கு பேர் பெயர் இருக்கிறது, எந்தக் கட்டடம், எந்தத் தளம் என்பது இல்லை. வளாகத்துக்குள் வராத ஒருவருக்கு ‘கருத்தரங்கக் கூடம்’ என்றால் என்ன தெரியும்? எந்த வாயில் வழியாக வர வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம், எத்தனை மணிக்கு முடியும் – இந்த மூன்றையும் போடுங்கள். முடியும் நேரம் தெரியாததால் வராதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. தேர்வுக்கு முந்தின வாரத்தில் வைக்காதீர்கள். பள்ளி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணி உதவாது.

மற்றபடி ஒன்பது பேருக்காக வருத்தப்படாதீர்கள். 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம், கிர்ட்டன் என்ற இரண்டு பெண்கள் கல்லூரிகளின் மாணவியர் சங்கங்கள் ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபைப் பேசக் கூப்பிட்டன. அப்போது கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம்கூடக் கொடுக்கவில்லை, அதற்கு 1948 வரை ஆனது. பெண்களும் புனைகதையும் என்று அவர் அங்கே பேசியதை வளர்த்து எழுதியதுதான், எழுத நினைக்கிற பெண்ணுக்குப் பணமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டும் என்று சொல்கிற ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்ற புத்தகம். அழைத்தது பல்கலைக்கழக நிர்வாகம் இல்லை, உங்களை மாதிரி மாணவியர் சங்கம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, அடுத்து நீங்கள் எதற்குப் போகிறீர்கள்?

பதில்: வருகிற வியாழன் மாலை, மூன்றாவது மாடியில் ஒரு வகுப்பறை. நான்கு மாணவர்கள் தங்கள் முதல் கவிதைகளை வாசிக்கிறார்கள். போன முறை லிஃப்ட் வேலை செய்யவில்லை, மைக்கும் வேலை செய்யவில்லை, ஒரு பையன் வாசிக்க வேண்டிய தாளை வீட்டில் மறந்துவிட்டு வந்து கைப்பேசியில் தேடிக்கொண்டே நின்றான். கிடைக்கவில்லை என்றதும் நினைவிலிருந்த ஆறு வரியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். முழுக் கவிதையையும் கேட்பதற்காகத்தான் போகிறேன்.